பிரிட்டன் லாரி முதலாளிகளுக்கு: உங்கள் பழைய டிரைவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்

லாரிக் கம்பெனி நடத்தும் முதலாளிகளுக்கும், டிரான்ஸ்போர்ட் மேனேஜர்களுக்கும், ஆபீஸில் உட்கார்ந்து எங்களுக்கு லோடு பிரித்துக் கொடுக்கும் பிளானர்களுக்கும் வணக்கம்.

உங்கள் நாட்டுச் சாலைகளில் 44 டன் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன் நான். தமிழில் எழுதக் காரணம் உண்டு. பிரிட்டனில் ஹெச்ஜிவி என்கிற கனரக லாரி லைசென்ஸ் எடுத்து ஓட்டும் தமிழர்கள் இருக்கிறார்கள், எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் இதைப் படிக்க வேண்டும். உங்கள் யார்டுகளில் வேலை பார்க்கும் அவர்களே இதை உங்கள் காதில் போட்டுவிடுவார்கள்.

2021 செப்டம்பரில் இந்த நாட்டுப் பெட்ரோல் பங்குகளில் நின்ற வரிசையை யாரும் மறந்திருக்க முடியாது. பெட்ரோல் இருந்தது, டேங்கரில் கொண்டுவர டிரைவர் இல்லை. ராணுவ வீரர்களை டேங்கர் ஓட்டச் சொன்னார்கள். வெளிநாட்டு டிரைவர்களுக்கு அவசரமாகத் தற்காலிக விசா கொடுத்தார்கள். நீங்களும் சம்பளத்தைக் கூட்டினீர்கள், சேருகிறவர்களுக்கு போனஸ் அறிவித்தீர்கள். 'டிரைவர்கள் ஏன் நிலைத்து நிற்பதில்லை?' என்று அப்போது கேட்கத் தொடங்கியவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

அதற்குப் பதில் தெரிந்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயதைத் தாண்டிய ஓய்வு பெற்ற டிரைவர்கள். கோடைக்காலத்தில் பழைய லாரிகளைக் கழுவித் துடைத்து வரிசையாக நிறுத்தும் கண்காட்சிகளுக்குப் போனால் அவர்களைப் பார்க்கலாம். இருவர் சந்தித்தால் முதல் கேள்வி, 'எந்தக் கம்பெனியில் ஓட்டினாய்?' என்பதுதான். அந்தக் கம்பெனி மூடி நாற்பது வருடம் ஆகியிருக்கும். ஆனாலும் பேரைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை வரும். மணிக்கணக்காக அவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். 'நல்ல சம்பளம் கொடுத்தான்' என்று ஆரம்பித்தவர் அநேகமாக யாருமில்லை. 'அது என் வண்டி' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

அந்தக் காலத்து லோடு கட்டும் முறையை முதலில் சொல்கிறேன். கம்பெனியின் மானம் அதில்தான் இருந்தது. இன்று பக்கவாட்டுத் திரையை இழுத்து பக்கிள் போட்டால் வேலை முடிந்தது. அன்று திறந்த பிளாட் வண்டி. சரக்கை ஏற்றியபின் டிரைவரே மேலே ஏறித் தார்ப்பாயை விரித்து, முன்பக்க மூலைகளைக் கடித உறையின் மடிப்பு போலக் காற்றுப் புகாமல் மடித்து இறக்க வேண்டும். மழையில் நனைந்த தார்ப்பாய் ஓர் ஆள் தூக்கும் கனத்தைத் தாண்டியிருக்கும். அப்புறம் கயிற்றை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வீசி, நடுக்கயிற்றில் ஒரு சுருக்கு முறுக்கி, கீழ்நுனியைச் சட்டத்துக் கொக்கியில் மாட்டி, சுருக்கு வழியாக இழுத்துத் தொங்குவார்கள். 'டாலி' முடிச்சு என்பார்கள். கப்பி வைத்து இழுத்த பலன் கிடைக்கும், ஆனால் ஓர் இழுப்பில் அவிழ்ந்துவிடும். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் எனக்கு அதைப் போட்டுக் காட்டினார். விரல்கள் வளைந்து போயிருந்தன, மூட்டுகள் வீங்கியிருந்தன, முடிச்சு மட்டும் நொடியில் விழுந்தது. எதிரே வரும் வண்டியின் தார்ப்பாய் கட்டியிருக்கும் அழகை வைத்தே அது எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லிவிடுவோம் என்றார் அவர். தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டு வந்தால், அந்த டிரைவரின் பெயர் மட்டுமல்ல, யார்டில் உள்ள எல்லார் பெயரும் கெட்டது.

அந்த யார்டுகளின் கதை நேர்கோடாக ஓடிய கதையும் இல்லை. 1947ஆம் ஆண்டு போக்குவரத்துச் சட்டம் நெடுந்தூர லாரித் தொழிலை அரசுடைமை ஆக்கியது. 1948இல் 'பிரிட்டிஷ் ரோடு சர்வீசஸ்' வந்தது. எல்லார் வாயிலும் அது பி.ஆர்.எஸ். அரசு எடுத்துக்கொள்ளாமல் விட்ட கம்பெனிகள் தங்கள் இடத்திலிருந்து 25 மைலுக்கு மேல் போகக்கூடாது என்றார்கள். தலைமுறையாக நடந்த குடும்பக் கம்பெனிகள் பல கைமாறின. அப்பா காலத்தில் தீட்டிய பெயரை அழித்துவிட்டு வண்டிகளுக்குச் சிவப்பு அடித்தார்கள். அடுத்து வந்த அரசு 1953இல் வேறொரு சட்டம் போட்டு வண்டிகளை விற்கத் தொடங்கியது. ஒரே யார்டில், ஒரே வண்டியை ஓட்டிய டிரைவருக்குச் சில வருடங்களுக்குள் கதவில் இருந்த பெயர் இரண்டு முறை மாறியது.

பி.ஆர்.எஸ்.ஸைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கட்சி. அரசாங்க வேலை மாதிரி ஆகிவிட்டது, பேப்பர் பேப்பராக நிரப்பச் சொன்னார்கள் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் ஒரு பக்கம். ஆனால் அங்கே இரவு 'டிரங்க்' ஓட்டியவர்கள் அதை உருகி உருகிச் சொல்கிறார்கள். மான்செஸ்டர் டிரைவரும் லண்டன் டிரைவரும் ராத்திரி பாதி வழியில் சந்தித்து, டீ குடித்து, வண்டியை மாற்றிக்கொண்டு அவரவர் ஊர் திரும்புவார்கள். சரக்கு லண்டன் போய்விடும், டிரைவர் விடியும்போது தன் வீட்டுக் கட்டிலில் இருப்பார். வண்டி மாறினாலும் எதிரே வரும் ஆள் மாறமாட்டார். அவர் வண்டியை எப்படி வைத்திருப்பார், எந்த பிரேக் இழுக்கும் என்பதை எழுதி வைப்பாரா என்பதெல்லாம் தெரியும். வருடக்கணக்காகப் பாதி வழியில் மட்டுமே பார்த்துக்கொண்ட இருவர், ஒருவர் பிள்ளை கல்யாணத்துக்கு மற்றவர் போன கதைகள் உண்டு.

1957 வரை கனரக லாரிக்கு வேக வரம்பு மணிக்கு 20 மைல். அப்புறம்தான் 30 ஆனது. எம்1 நெடுஞ்சாலை 1959இல் வந்தது. வடக்கே ஸ்காட்லாந்து போக வேண்டுமென்றால் கம்ப்ரியா மலைகளில் 'ஷாப்' என்ற ஊர்ப்பக்கத்து ஏற்றம்தான். ஏ6 சாலை 1,300 அடிக்கு மேல் ஏறி இறங்கும். 150 குதிரைத்திறன் கார்ட்னர் எஞ்சின் இருந்தாலே பெரிய வண்டி என்ற காலம். லோடு வண்டி கீழ் கியரில் முனகிக்கொண்டே ஏறும். பல வண்டிகளில் ஹீட்டர் கிடையாது, காலைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஓட்டுவார்கள். பனி கொட்டினால் எந்தக் கம்பெனி ஆளாக இருந்தாலும் 'ஜங்கிள் கஃபே'யில் ஒன்றாக அடைந்து கிடக்க வேண்டியதுதான். 1970இல் எம்6 அந்த மலையைத் தாண்டியதும் பழைய சாலை காலியானது. அந்த ஏற்றத்தின் உச்சியில் இன்றும் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. எம்6 வருவதற்கு முன் வடக்கையும் தெற்கையும் இணைத்த லாரிக்காரர்களுக்கும், சாலையைப் போட்டுப் பராமரித்தவர்களுக்கும், மோசமான வானிலையில் சோறும் இடமும் கொடுத்த ஊர்க்காரர்களுக்கும் நன்றி சொல்லும் கல். லாரி டிரைவருக்கு நன்றி சொல்லிக் கல் நட்டு நான் பார்த்த ஒரே இடம் அதுதான். உங்களில் எத்தனை பேர் அங்கே வண்டியை நிறுத்தி அதைப் படித்திருப்பீர்கள்?

கனரகச் சரக்கு என்றால் இரண்டு பெயர்: நீல நிறத்து பிக்ஃபோர்ட்ஸ், தெற்கு வேல்ஸ் நியூபோர்ட்டின் ராபர்ட் வின் கம்பெனி. இரண்டாம் உலகப்போரில் டாங்கி இழுக்கச் செய்த அமெரிக்க பசிபிக் வண்டிகளை வின் வாங்கித் திருத்தி, 'டிரெட்நாட்', 'காங்கரர்', 'ஹெல்ப்மேட்', 'சேலஞ்சர்' என்று போர்க்கப்பலுக்கு வைப்பது போன்ற பெயர்களை வைத்தது. மின் நிலையத்துக்கு டிரான்ஸ்பார்மர் போகிறதென்றால் முன்னால் ஒரு வண்டி இழுக்கும், பின்னால் ஒன்று தள்ளும். நடை வேகம். டிரெய்லரின் வால்பக்கம் தனியாக ஒருவர் உட்கார்ந்து பின் சக்கரங்களைத் திருப்புவார். ஊர் வளைவுகளில் மூவரும் ஒரே மனதாக வேலை செய்யாவிட்டால் யாரோ ஒருவர் வீட்டுச் சுவர் போய்விடும். பள்ளிப் பிள்ளைகள் நடைபாதையில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அதில் வேலை செய்தவர்கள் இன்றும் வண்டியை எண்ணால் சொல்வதில்லை, பெயரால்தான் சொல்கிறார்கள்.

பெயர் வைப்பதில் கார்லைல் ஊருக்குத் தனிப் பாரம்பரியம். அங்கிருந்த ராப்சன்ஸ் கம்பெனியில் ஒவ்வொரு லாரியின் பெயரும் 'பார்டர்' என்ற சொல்லில் தொடங்கும். ஸ்காட்லாந்து எல்லைப்புறத்துக்காரர்கள் என்ற கர்வம். அதே பகுதியில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற கிராமத்தில் முளைத்தது எடி ஸ்டோபார்ட் கம்பெனி. எடியின் மகன் எட்வர்ட் லாரித் தொழிலைக் கையில் எடுத்து கார்லைலுக்கு வந்து பெரிதாக்கினார். முதல் வண்டிக்கு 'ட்விக்கி' என்று பெயர். அப்புறம் 'டாமி', 'டாலி', 'சூசி'. டிரைவருக்குச் சட்டையும் டையும் கட்டாயம், வண்டி எப்போதும் பளபளவென்று இருக்க வேண்டும், சாலையில் யாராவது கையசைத்தால் பதிலுக்குக் கையசைக்க வேண்டும். இவர்களுக்கு ரசிகர் மன்றமே இருந்தது. லாரிக் கம்பெனிக்கு! டை கட்டுவது டிரைவருக்கு எதற்கு என்று கேட்ட பழைய ஆட்கள் உண்டு. எனக்கு அது சரியான யோசனையாகவே படுகிறது. அதுவரை அழுக்கு ஓவர்கோட்டுக்காரன் என்று பார்க்கப்பட்டவனை, காரின் பின்சீட்டில் இருந்த குழந்தைகள் பெயர் தேடிப் பார்க்கும்படி எட்வர்ட் செய்தார். 2011இல் அவர் இறந்தார், 2021இல் கம்பெனி கூலினா குழுமத்துக்குப் போனது. எட்வர்டிடம் ஓட்டியவர்கள் தாங்கள் ஓட்டிய வண்டியின் பெண் பெயரை இன்னும் சொல்கிறார்கள்.

தூர ஓட்டத்துக்கு வருகிறேன். எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது இதுதான். 1964இல் பாப் பால், மைக்கேல் வுட்மன் என்ற இருவர் 'கை வாரியர்' என்ற வகை லாரி ஒன்றில் சரக்கு ஏற்றி லண்டனிலிருந்து காபூல் வரை தரைவழியே போனார்கள். அதிலிருந்து வளர்ந்தது 'ஏஷியன் டிரான்ஸ்போர்ட்', பின்னாளில் 'ஆஸ்ட்ரான்'. எழுபதுகளில் எண்ணெய்ப் பணம் பாய்ந்ததும் தெஹ்ரான், தோஹா, ரியாத் என்று வண்டிகள் கிளம்பின. ஜெர்மனி, ஆஸ்திரியா, யூகோஸ்லாவியா, பல்கேரியா, இஸ்தான்புல். ஊருக்கு வெளியே 'லோண்ட்ரா கேம்பிங்'கில் ஐரோப்பிய லாரிகள் எல்லாம் கூடும். அதைத் தாண்டிக் கிழக்குத் துருக்கியில் தாஹிர் கணவாய். குளிர்காலத்தில் டேங்கில் டீசல் உறைந்துபோகும், அடியில் நெருப்பு மூட்டித்தான் இளக்குவார்கள். சவூதியில் எண்ணெய்க் குழாயை ஒட்டிப் போகும் டாப்லைன் சாலை, வழியெங்கும் எரிந்தும் கவிழ்ந்தும் கிடக்கும் வண்டிகள்.

செல்போன் இல்லாத காலம். தந்தி போல எழுத்தில் செய்தி அனுப்பும் டெலக்ஸ் கிடைக்கும் இடத்தில்தான் ஆபீஸுக்குச் செய்தி. பல நாட்கள் முதலாளிக்கு வண்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கஸ்டம்ஸ் தாள்கள், கையில் கொஞ்சம் ரொக்கம், கருவிப்பெட்டி, அடுப்பு. இவற்றோடு அனுப்பிவிட்டு, 'நீ பார்த்துக்கொள்வாய்' என்று இருந்தார்கள். அந்த இரண்டு சொற்கள் வாயால் சொல்லப்பட்டிருக்காது. ஆனால் அந்த ஓட்டம் ஓடிய ஒவ்வொருவரும் தன் முதலாளியைப் பற்றிச் சொல்லும்போது கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறார்கள்: என்னை நம்பினான்.

கம்பெனியை டிரைவர் தன்னுடையது என்று நினைப்பது வெறும் உணர்ச்சி என்று உங்களில் யாராவது சொன்னால், 1982ஐ நினைவூட்டுகிறேன். பி.ஆர்.எஸ்., பிக்ஃபோர்ட்ஸ் எல்லாம் அப்போது தேசியச் சரக்கு நிறுவனமான என்.எஃப்.சி.யின் கீழ் இருந்தன. அரசு அதை விற்க முடிவு செய்தபோது, பீட்டர் தாம்சன் தலைமையில் ஊழியர்களே வாங்கினார்கள். விலை சுமார் 53 மில்லியன் பவுண்டு. டிரைவர்கள், ஃபிட்டர்கள், கிளார்க்குகள், ஓய்வு பெற்றவர்கள் எனச் சுமார் 10,000 பேர் சேமிப்பை எடுத்துப் பங்கு வாங்கினார்கள். 1989இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது அந்தப் பங்கு பல மடங்கு ஏறியிருந்தது. வீட்டுக் கடனை அடைத்த டிரைவர்கள் அதை இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள். பங்குகள் கைமாறி, பெயர் எக்செல் ஆகி, 2005இல் ஜெர்மன் அஞ்சல் நிறுவனத்திடம் போனது வேறு கதை. அந்தச் சில வருடங்கள் தார்ப்பாய் கட்டியவனே முதலாளி. இது உங்கள் நாட்டில் நடந்தது.

இதையெல்லாம் சொல்வதால் பழைய காலம் பொற்காலம் என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே அறையில் முன்பின் தெரியாத நாலு பேர் படுக்கும் 'டிக்ஸ்' தங்குமிடங்கள், ஈரப் போர்வை, ஓட்டிய நேரத்தைப் பொய்யாக எழுதிய லாக் ஷீட், தூக்கம் கண்ணைச் சொருகியும் நிறுத்தாத ஓட்டம். ஓட்டும் நேரத்தையும் வேகத்தையும் வட்டத் தாளில் பதியும் டாக்கோகிராஃப் கருவி 1981 முடிவுக்குள் கட்டாயமானபோது, வண்டிக்குள் உட்கார்ந்த ஒற்றன் என்று திட்டினார்கள். ஆனால் அந்த வட்டத் தாள் எத்தனையோ பேர் உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்று திட்டியவர்களே இன்று ஒப்புக்கொள்கிறார்கள். முதுகும் முழங்காலும் போனவர்களை, செவி மந்தமானவர்களை நான் பார்க்கிறேன். அந்தக் குளிரும் அந்த நேரக் கணக்கும் யாருக்கும் திரும்ப வேண்டாம்.

இன்று என்ன நடக்கிறது? நான் முன்பு ஓட்டிய ஒரு கம்பெனியில் தினம் ஒரு வண்டி. காலையில் சாவியை ஜன்னல் வழியே நீட்டுவார்கள். ஏறினால் முந்தின ஆள் விட்டுப்போன பர்கர் காகிதம், ஒட்டும் ஸ்டியரிங். கண்ணாடி, சீட் எல்லாம் திருப்பி வைத்து, எந்த விளக்கு எரியவில்லை என்று பார்த்துக் கிளம்ப வேண்டும். விளக்கு எரியவில்லை என்று எழுதிக்கொடுத்தால், நாளைக்கு அந்த வண்டி வேறொருவரிடம். அது சரி செய்யப்பட்டதா என்பது எனக்குத் தெரியவே வராது. போனில் கூப்பிட்டால் 'டிரைவர்' என்பார்கள், அல்லது வண்டி எண்ணைச் சொல்வார்கள். கேபினுக்குள் என் முகத்தைப் பார்க்கும் கேமரா. அங்கே யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை, சம்பளமும் தேதி தவறவில்லை. இருந்தாலும் விலகி வந்த அன்று எனக்கு எதையும் விட்டுவிட்டு வந்த மாதிரி இல்லை. அந்தக் கம்பெனியின் பெயரை எண்பது வயதில் யாரிடமும் பெருமையாகச் சொல்லமாட்டேன். இப்போதே சொல்லத் தோன்றவில்லை.

பெரிய கம்பெனியானால் இப்படித்தான் ஆகும் என்பதும் இல்லை. நார்த்தாம்ப்டன்ஷயரில் ஓல்டு என்ற கிராமத்தில் 1865இல் குதிரை வண்டியோடு தொடங்கியது 'நைட்ஸ் ஆஃப் ஓல்டு'. ஐந்நூறு வண்டி அளவுக்கு வளர்ந்தும், யார்டின் குணம் மாறவில்லை என்று அங்கே ஓட்டியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2023இல் கணினிகளுக்குள் புகுந்த கொள்ளையர்கள் எல்லாவற்றையும் பூட்டிப் பணம் கேட்டார்கள். மாதங்களில் கம்பெனி விழுந்தது. சுமார் 700 பேர் வேலை போனது. இரண்டு உலகப்போர்களைத் தாண்டி வந்த 158 வருடக் கம்பெனி அது. வேறு இடத்தில் சேர்ந்தபிறகும் அந்த டிரைவர்கள் பழைய ஜாக்கெட்டைக் கழற்ற மனமில்லாமல் போட்டுத் திரிந்தார்கள்.

சரி, நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். முடிந்தவரை ஒரு டிரைவருக்கு ஒரு வண்டி கொடுங்கள். இரண்டு ஷிஃப்ட் ஓட வேண்டிய வண்டி என்றால், அந்த இருவரும் நிலையான ஜோடியாக இருக்கட்டும். பழைய டிரங்க் ஜோடிகள் போல. கதவில் அவர்கள் பெயரைச் சின்னதாகவாவது எழுதுங்கள், வண்டிக்கும் ஒரு பெயர் வைக்க விடுங்கள். பெயிண்ட் செலவு எவ்வளவு ஆகிவிடும்? லோடு பிரிக்கும் மேசையில் ஒருவராவது ஸ்டியரிங் பிடித்தவராக இருக்கட்டும். புதிய பிளானரை வேலையில் சேர்த்தால் ஒரு வாரம் டிரைவர் பக்கத்து சீட்டில் அனுப்புங்கள். ராத்திரி லே-பை என்ற சாலையோர நிறுத்தத்தில் கழிப்பறை இல்லாமல் நாங்கள் படும் பாட்டை அந்த ஒரு வாரத்தில் அவர் பார்த்துவிடுவார். பெண் டிரைவர்களுக்கு அது இன்னும் எவ்வளவு கஷ்டம் என்று அவரே உங்களிடம் வந்து சொல்வார். கேமராவைக் கழற்றச் சொல்லவில்லை. விபத்து நடந்தால் எங்களைக் காப்பாற்றுவதும் அதுதான். ஆனால் அதில் பார்த்துத் திட்டுகிறவர், நல்லபடியாக ஓட்டிய வாரத்தில் ஒரு வார்த்தை நல்லதும் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று, இதற்கு அவசரமும் உண்டு. உங்கள் கம்பெனியில் ஓட்டி ஓய்வு பெற்றவர்களின் பட்டியல் ஆபீஸில் இருக்கும். இந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை அவர்களை யார்டுக்குக் கூப்பிடுங்கள். இப்போது ஓட்டும் எங்களையும் உட்கார வையுங்கள். அவர்கள் பேசட்டும், யாராவது போனில் பதிவு செய்யட்டும். மாடியில் பெட்டிகளில் கிடக்கும் பழைய லாக் ஷீட், வேலை டைரி, போட்டோ எதையும் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். லங்காஷயரில் லேலண்டு ஊரில் வணிக வாகன அருங்காட்சியகம் இருக்கிறது. எண்ணூரில் உருண்டு வந்த அசோக் லேலண்டு வண்டிகளின் தாய்வீடு அந்த ஊர் என்பதால், இதைப் படிக்கும் தமிழர்களுக்கும் அங்கே போக ஒரு காரணம் உண்டு. அங்கே லாரிகள் அழகாக நிற்கின்றன. அவற்றை ஓட்டியவர்கள் தார்ப்பாய் எப்படிக் கட்டினார்கள், யாரை நம்பி தாஹிர் கணவாய் ஏறினார்கள் என்பதும் அவற்றின் பக்கத்தில் இருக்க வேண்டும். பெட்டிகளைத் தூக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், விடுமுறை நாளில் நான் வருகிறேன். என்னைப் போல இன்னும் சிலரையும் கூட்டி வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் சாலைகளில் ஓட்டும் ஒரு தமிழ் லாரி டிரைவர்